தம்பி பெயரை எடுக்காதே

அன்பு மகள் அனுசியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பி சதீஸும் இங்கே சுகம், டெல்லிக் குளிரில் நீ இருமாமல் இருக்கிறாய் என்றால் இன்னும் சுகம். மழை ஏமாற்றிவிட்டது, திருச்சுழிப் பக்கம் உளுந்தெல்லாம் கருகிக் கிடக்கிறது, அப்பா பாளையம்பட்டிக்கு லோடு இறக்கப் போகிறார். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இலவசமாக வாதாடும் உங்கள் வக்கீல்களுக்காக நீ கம்ப்யூட்டரில் சேர்க்கும் ஜாமீன் வழக்குக் கணக்கிலிருந்து "தம்பி வழக்கை மட்டும் எடுத்துவிட்டேன், உங்களுக்கு வம்பு வரும்" என்றாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோர்ட்டுக் காகிதத்தில் சாதி இருக்காது, தெருப் பேர் இருக்கும், ஜாமீன் கிடைத்தும் எந்தத் தெருப் பிள்ளைகள் உள்ளேயே கிடக்கிறார்கள் என்று அதை வைத்தே ஹைகோர்ட்டில் காட்டலாம், பட்டா இல்லாதவர்களைச் சொந்த ஜாமீனில் விடச் சொல்லலாம் என்று நீதானே விளக்கினாய். பஸ் ஸ்டாண்டு சண்டையில் இரண்டு தெருப் பையன்களையும்தான் பிடித்தார்கள். ஊருக்குள் இருப்பவர்கள் பட்டாவைக் காட்டி அந்த வாரமே வெளியே வந்தார்கள். நம் காலனியில் யாரிடம் பட்டா இருக்கிறது? ஊருக்குள் நிலம் வைத்திருக்கும் சுந்தரபாண்டி ஐயா மனமிரங்கி ஜாமீன் கையெழுத்துப் போடும்வரை சதீஸ் ஜெயிலில் கிடந்தான். அந்தக் கையெழுத்துக்காக நான் அவர் காட்டில் கூலி வாங்காமல் களை எடுத்தேன்.

நேற்று அவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏத்தா ஜக்கம்மா, ஒம் மக கணக்கெடுக்கிறேன்னு ஊர்ப் பேரைக் கெடுக்கிறா. நிப்பாட்டச் சொல்லு, இல்லைன்னா நான் போட்ட ஜாமீனைத் திருப்பிக்கிருவேன்" என்றார். "தாராளமாத் திருப்பிக்கோங்கய்யா. புள்ளைகளை உள்ள வச்சப்பக் கெடாத ஊர்ப் பேரு, எம் மக எண்ணுனாக் கெட்டுருமா?" என்று கேட்டுவிட்டேன். அப்பா பயந்து என்னை உள்ளே இழுத்தார். சதீஸ்தான், "அக்காவை எழுதச் சொல்லும்மா, திரும்ப உள்ள போனாலும் போறேன்" என்றான். பல்லியைக் கண்டால் ஓடுகிறவன் இதைச் சொல்கிறான், எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஆகவே தம்பி பெயரைத் திரும்பச் சேர். எங்களுக்காகப் பயந்து ஒரு பிள்ளையை விட்டால் ஒவ்வொரு வீடும் தன் பிள்ளையை விடச் சொல்லும், அப்புறம் கணக்கில் யார் மிஞ்சுவார்கள்? காளியம்மா உனக்குத் துணை நிற்பாள், நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே. ஐயா ஜாமீனைத் திருப்பினால் அன்றைக்கே சொல்கிறேன். அதையும், எதற்காகத் திருப்பினார் என்பதையும் சேர்த்து எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா ஜக்கம்மாள்