சன்னாசி உயரத்துக்கு மேல் ஒரு சாண்

ஈப்போ,
12.2.1984

அன்புள்ள ஜெயபாலன் அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். இங்கிலாந்துக் குளிரில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு ஒரு வரிகூடப் போடவில்லை. போகட்டும், மன்னித்துவிட்டேன்.

நம் வடிகால் ஆபீஸில் இருந்தபோது நீங்கள் எழுதிய வெள்ள முன்னறிவிப்பு புரோகிராமுக்குப் பத்து வயதாகிறது. ஆபீஸுக்குப் புது கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. உங்கள் இரண்டாயிரம் துளையட்டைகளையும் அதற்கு மாற்றும் வேலை என் தலையில். கிழடு தட்டினாலும் ஓடுகிறது அண்ணா. மழையைக் கொடுத்தால் ஆறு எவ்வளவு ஏறும் என்று இன்னும் சொல்கிறது. டிசம்பரில்தான் காலை வாரிவிட்டது. பீடோர் பக்க ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணீர் வராது என்றது. இடுப்பளவு வந்தது. அதை நம்பி நாங்கள் யாரையும் முன்கூட்டி வெளியேற்றவில்லை.

காரணம் தேடி வரிவரியாகப் படித்தேன். 1971 வெள்ளத்துக்கு அந்தத் தோட்டத்து அளவு இல்லை. நீங்கள் ஊகித்த எண்தான் இருக்கிறது. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வரி: "அளந்தவன் குடிகாரன். இதை விடுக. எஸ்.ஜே." தோட்டத்து லாக் புக்கை எடுத்துப் பார்த்தேன். ஆற்று அளவுகோலை வெள்ளம் அடித்துக்கொண்டு போன அன்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, அதாவது கிராணி, எழுதியிருப்பது இவ்வளவுதான்: "சன்னாசி உயரத்துக்கு மேல் ஒரு சாண்."

குடியைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

அன்புடன்,
கௌரி ஸ்கந்தராஜா

இங்கிலாந்து,
3.3.1984

அன்புத் தங்கை கௌரிக்கு,

கடிதம் கிடைத்தது. ஆள் உயரத்தையும் சாணையும் வைத்து யாராவது ஆற்றை அளப்பார்களா? யாரோ சொல்லிக் கேட்டிருப்பேன். பழைய கதை. அந்தக் குறிப்பை எடுத்துவிடு, யாருக்கும் காட்டாதே. இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

ஜெயபாலன்

ஈப்போ,
1.4.1984

அன்புள்ள அண்ணா,

எடுக்கவில்லை. பழைய குறிப்பு எதையும் அழிக்கக் கூடாது, திருத்துகிறவர் கீழே எழுதிப் பெயரெழுத்துப் போட வேண்டும் என்று எனக்குக் கற்றுத் தந்ததே நீங்கள்தான். அதனால்தான் அந்த வரி மூன்று கம்ப்யூட்டர் மாறியும் சாகவில்லை. தெலுக் இந்தான் ஆபீஸுக்கும் நகல் போயிருக்கிறது.

பஸ் பிடித்துத் தோட்டத்துக்கே போனேன். அளந்த சன்னாசி இன்னும் அங்கேதான் இருக்கிறார். அன்று தண்ணீர் நின்ற இடத்தில், ஆற்றோர மரத்தில், பால் வெட்டும் கத்தியால் கீறி வைத்திருக்கிறார். டேப் பிடித்து அளந்தேன். அந்த எண்ணுக்கு ஏற்ப ஆற்றுக் கணக்கைத் திருத்தி டிசம்பர் மழையைக் கொடுத்துப் புரோகிராமை ஓட்டினேன். இந்த முறை கணக்கில் தண்ணீர் லயத்துக்குள் வந்துவிட்டது அண்ணா, அதே இடுப்பளவு.

வீட்டுக்குள் கூப்பிட்டு மைலோ கலக்கிக் கொடுத்தார். வெள்ளக் கறை படிந்த சுவரில், கறைக்கு மேலே, பட்டமளிப்பு அங்கியில் நீங்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார்: "இப்பவாச்சும் என் அளவ மெசின்ல போடுவாங்களாம்மா?"

கௌரி

இங்கிலாந்து,
20.4.1984

கௌரி,

நாலு தாள் கிழித்துவிட்டேன். சன்னாசி என் அப்பா.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. லாக் புக்கை மேசையில் விரித்து அந்த வரியைச் சத்தமாகப் படித்தார்கள். ஆபீஸே சிரித்தது. யாரப்பா இந்தச் சன்னாசி என்று ஆபீஸ் பெரியவர் கேட்டார். தெரியாது, ஏதோ தோட்டத்துக் குடிகாரன் என்றேன். நானும் சேர்ந்து சிரித்தேன். நீங்களெல்லாம் கிளார்க் வீட்டுப் பிள்ளைகள், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் பிள்ளைகள். உங்கள் நடுவில் லயத்துப் பிள்ளை என்று சொல்ல வெட்கப்பட்டேன். இன்று எதற்கு வெட்கப்படுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

அவர் உயரம் ஐந்தடி நாலங்குலம். எனக்குத் தெரியாதா? சாணைச் சேர்த்தால் கணக்கு முடிந்திருக்கும். அந்தக் குறிப்பின் கீழே போட்ட எஸ்கூட அவர்தான். என் ஊகம் போய் அவர் வீட்டிலேயே தண்ணீரை விட்டிருக்கிறது.

பழைய வரியின் கீழே இதைப் போடு: "அளந்தவர் சன்னாசி, என் அப்பா. அளவு சரி. எஸ்.ஜே." அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாயா? அவர் முன்னால் நிற்க எனக்கு முகமில்லை.

சன்னாசி மகன்
ஜெயபாலன்

ஈப்போ,
13.5.1984

அன்புள்ள அண்ணா,

வரியைப் போட்டாயிற்று. தெலுக் இந்தானுக்கும் அனுப்பிவிட்டேன்.

வாசிக்க மாட்டேன், நீங்களே வந்து சொல்லுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவ்வளவு கோபம் உங்கள்மேல். ஆனால் அந்த மனுசன் இன்னும் எத்தனை நாள் காத்திருப்பார்? போனேன். புதிய வரியைத் தமிழில் சொன்னேன். முன்னே என்ன இருந்தது என்று கேட்டார். மறைக்க முடியவில்லை, அதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, நான் சொல்வதை அப்படியே எழுதம்மா என்றார்:

"அன்னிக்கி நான் கள்ளு குடிச்சிருந்தது நெசந்தான். அவன் பொய் எழுதல. சாண மட்டும் சரியாத்தான் வச்சேன்."

கிளம்பும்போது உங்கள் விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கும்மா அது? அவனுக்கு இந்த வீடு தெரியும்லா" என்றார்.

கௌரி