சத்துமாவு டப்பா

தென்காசி
12.7.1961

அன்புள்ள அத்தானுக்கு,

சத்துமாவைக் குடிக்க வேண்டாம் என்று காலையில் நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். காரணத்தைத் தபாலாபீசில் நாலு பேர் முன்னால் சொல்ல முடியவில்லை.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கட்டி கரைய வயிற்றில் கரண்டு வைத்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை, ஓங்கரிப்பு நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே. ஐந்தருவிப் பக்கம் மூலிகை விற்கிறவன், "இந்தப் பொடியப் பால்ல கலக்கிக் குடுங்க தாயீ, நாலே நாள்ல பசிச்சிரும்" என்றான். தெரிந்தால் ஏசுவீர்கள் என்று, டாக்டர் எழுதித் தந்த சத்துமாவிலேயே கலந்து, மெட்ராஸுக்குப் புறப்பட்ட செல்லப்பா அண்ணாச்சியிடம் கொடுத்தனுப்பினேன்.

மிச்சப் பொடியை இன்றைக்குக் கம்பவுண்டர் மோந்து பார்த்தார். "என்னம்மா, இது பேதிக்குக் குடுக்க வேருல்லா! கரண்டு வச்ச வயிறு தாங்குமா?" என்றார்.

டப்பாவை அப்படியே நர்ஸம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். நான்தான் கலந்தேன் என்று சொல்லுங்கள். ஒருவாய் குடித்திருந்தாலும் மறைக்காதீர்கள்.

பதிலுக்குத் தந்தி மட்டும் வேண்டாம். தந்திச் சேவகர் நம் தெருவுக்குள் திரும்பினாலே கதவை அடைத்துக்கொள்வேன். ஒரு கார்டு போதும், பிந்தி வந்தாலும் சரி. எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தாய்