பூஞ்சை பிடிக்காத மாவு

தங்கச்சிக்கு,

இல்லை, மாவில் பூஞ்சை பிடிக்கவில்லை. பாப்பாவிடம் பிடித்துவிட்டதென்று சொல்லி, நீ டப்பாவில் கொடுத்தனுப்பியதைக் குப்பையில் போட்டது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு மாவை நானே பிசைந்து தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். மைதா, உப்பு, எண்ணெய், நிறத்துக்கு பீட்ரூட் சாறு. பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். விரலெல்லாம் பசை.

"சித்தி சுடுதண்ணிதான் ஊத்துவாங்க. உனக்கு ஒண்ணுமே தெரியலம்மா."

சிரித்தேன். நீயும் சிரிப்பாய், தெரியும்.

பிறகு உன் மாவை எடுத்து ஒரு வீடு செய்தாள். உள்ளே இரண்டு பொம்மைகள். மஞ்சளில் நீ, பக்கத்தில் அவள்.

"நான் எங்கடி?"

"நீ ஆபீஸ்ல இருக்கே. சாயங்காலம்தான் வருவே."

கோபமாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். மதியம் அவள் தூங்கியதும் டப்பாவைக் காலி செய்தேன்.

நான் வேலைக்குப் போகும் பகலெல்லாம் அவளை நீதான் பார்த்துக்கொள்கிறாய். அதற்கு நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

இப்போது எழுந்துபோய் மேலாளருக்கு போன் செய்தேன். இனி வெள்ளிக்கிழமைகளில் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் அக்கா