அம்மாவின் கார் எஞ்சின்

அபர்தீன் நகரிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? முதுகுவலி தேவலையா? நான் நலம்; கடல் காற்றுதான் ஆளைத் தூக்குகிறது.

நீங்கள் கராஜில் செய்துவரும் ஸ்போர்ட்ஸ் காருக்கு மலிவான எஞ்சின் வேண்டுமென்றால் பழைய கார் ஒன்றைக் கழற்றுங்கள் என்றுதானே எழுதினேன்? அம்மாவின் காரையா கழற்றுவீர்கள்! போனில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வேலைக்குக் கெளம்பி சாவியத் திருப்புனா சத்தமே இல்லடி. மூடியத் தூக்கிப் பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல! ஒங்கப்பா டீயக் கலக்கிக்கிட்டே, 'இதவிட மலிவா எங்க கெடைக்கும், மோரீன்?'ங்கறாரு!"

இனிமேல் புதுக் காரை அவள்தான் ஓட்டுவாளாம். உங்களுக்குப் பக்கத்து சீட்டாம். வேண்டும் உங்களுக்கு!

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். நான் வேலை பார்க்கும் நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றுக்குப் போகும் ஹெலிகாப்டர் வந்துவிட்டது, முடிக்கிறேன். அப்பா, அந்தக் காரில் இருப்பதே இரண்டு சீட்டுதானே? கிறிஸ்துமஸுக்கு ஸ்டேஷனில் வந்து இறங்கினால் என்னை எங்கே உட்காரவைப்பீர்கள்?

உங்கள் மகள்,
நெரிஸ்