விடியப்புறத் தண்ணீர்

அச்சுவேலி,
புதன்கிழமை.

அன்பு மகள் பிரதீபாவுக்கு,

நீயும் மருமகன் கஜானனும் சின்னவனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நல்லூரானைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதினால் அது பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ உடனே போன் எடுப்பாய், எடுத்து நீ முதல் அழுவாய், பிறகு நான் ஒண்டுமில்லைப் பிள்ளை என்று சொல்லி வைத்துவிடுவேன். மூன்று மாதமாக இதுதான் நடக்கிறது. அதனால்தான் லீவில் வந்து நின்ற உன் சிநேகிதி தனுஷா திரும்பி நோர்வேக்கு வருகிறாள் என்றதும், மிளகாய்த்தூள் பையோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்து விடுகிறேன். கடிதத்துக்கு நடுவில் நீ அழுது என்னை நிற்பாட்ட முடியாது.

சோலார் விஷயத்தைத் தொடங்கியதே நீதான், மறந்திருக்க மாட்டாய். தோட்டத்துக்கு மேலே தகடு போட்டுக் கீழே பயிர் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று நீதான் கண்டுபிடித்தாய், படிவத்தையும் அங்கிருந்தே நிரப்பினாய். அப்பா முதலில் சிரித்தார். பிறகு விவசாயக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி ஐயா, எட்டடித் தூண் வைத்தால் கீழே உழவு மெசினே ஓடலாம், அரை நிழலில் இஞ்சி நன்றாக வரும், இறைப்புக்கு எண்ணெய்ச் செலவு இல்லை என்று விளக்கியதும் மனுசனுக்கு விசர் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மோட்டர் முதல் முதல் ஓடிய அன்று எழுபது வயதில் வாய்க்காலுக்குள் இறங்கிக் கால் நனைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சந்தோசப் புழுகத்தில், முப்பது வருசம் எங்களுக்கு உழைத்த மண்ணெண்ணெய் இறைப்பு மெசினைப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்தார். நான் தடுக்கவில்லை. இனி அது எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் உன்னுடைய வேலை, தோட்டத்தோடு ஒட்டிய உன் சீதனக் காணி விஷயம். அந்தக் காணி சும்மாதானே அம்மா கிடக்குது, இஞ்சை வீடு ஒண்டு வாங்கப்போறம் என்று போனில் ஒரு சொல் சொன்னாய். விலை கேட்டுப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். கஜானனின் தமையனுக்கு உனக்காகக் கையெழுத்து வைக்க அற்றோணி எழுதி அனுப்பி, காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய் எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் ஆள் வந்து நின்று எல்லைக்கல்லைத் தேடினார். பெயர் றொகான், நான்தான் அன்ரி இதை வாங்கினது என்றார். காணி உனக்குச் சீதனமாகத் தந்தது, விற்க உனக்கு உரிமை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சும்மா கிடக்கவில்லை மகள். அந்தக் காணியோடு சேர்ந்த கிணற்று முறையில்தான், உன் பங்குத் தண்ணீரில்தான், தகடு போட்ட நாளிலிருந்து எங்கள் தோட்டம் நனைந்துகொண்டிருந்தது.

உனக்கு நினைவிருக்குமோ தெரியாது, பங்குக் கிணற்றில் எங்கள் முறை செவ்வாயும் வெள்ளியும். உன்னுடைய சீதன உறுதி எழுதும்போது, ஆளுக்கு ஒரு நாளாகப் பிரிப்போமா என்று நொத்தாரிசு கேட்டார். நான்தான் குறுக்கே விழுந்து, வேண்டாம் ஐயா, நேரமாகப் பிரியுங்கோ, விடியப்புறம் மூன்றிலிருந்து ஏழு வரை எங்களுக்கு, ஏழுக்குப் பிறகு முழுக்கப் பிள்ளைக்கு என்று எழுதுவித்தேன். நீ வெள்ளண எழும்புகிற பிள்ளை இல்லை, கலியாணம் கட்டி இருட்டுக்குள் எழும்பி மண்வெட்டியோடு நிற்கக்கூடாது என்று நினைத்தேன். மெசினுக்கு இருட்டும் வெளிச்சமும் ஒன்றுதானே. தகடு அப்படி இல்லை. எட்டு மணி ஆகாமல் மோட்டர் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்காது. எங்கள் முறையில் வெயில் இல்லை, வெயில் வந்தால் தண்ணீர் றொகானுடையது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். முறையை மாற்றித் தர ஏலுமோ என்று போய்க் கேட்டேன். கூலிக்கு வாற ஆக்கள் எட்டு மணிக்குத்தான் வருவினம் அன்ரி, இருட்டுக்கை ஆர் இறைக்கிறது என்றார். நியாயம்தான். மின்சாரம் சேர்த்து வைக்கிற பற்றறி வைத்தால் சரி, ஆனால் அது மானியத்துக்குள் வராதாம். நீ காசு அனுப்புகிறேன் என்றதற்கு அப்பா, காணி வித்த காசிலை ஒரு சதமும் இந்த வளவுக்குள்ளை வரப்படாது என்று சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒரு சட்டத்தரணியையும் கண்டோம். கிணற்றில் பங்குள்ள உங்களைக் கேளாமல் விற்றபடியால் வழக்குப் போட வழி இருக்கிறது என்று அவர் சொன்னதும் அப்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆர் மேலை போடுறது என்று கேட்டார். வாங்கியவர் மேலும் விற்றவர் மேலும், உங்கள் மகளின் பெயரும் எதிராளியாக வரும் என்றார் சட்டத்தரணி. உந்தக் கதையை விடுங்கோ என்று அப்பா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார்.

வாடகைக்கு மெசின் பிடிக்கவும் கையில் காசு இல்லை, இப்போது செவ்வாயும் வெள்ளியும் விடியப்புறம் நாங்கள் இரண்டு பேரும் வாளியால் அள்ளி ஊற்றுகிறோம். அப்பாவின் முழங்கால் வீங்கிப் போயிருக்கிறது. அப்படியும் இஞ்சி பாதிக்கு மேல் மஞ்சளாகிவிட்டது. அடுத்த மாதம் ஒன்பதாம் திகதி கந்தோரிலிருந்து பார்க்க வருகிறார்கள். கீழே பயிர் இல்லாவிட்டால் தகடுகளைக் கழற்றி, வரிசையில் அடுத்து நிற்கிற கமக்காரருக்குக் கொடுத்துவிடுவார்களாம். அடுத்து நிற்பது யார் என்று விசாரித்தேன். றொகான்தான். நீ விற்ற காணியில்தான் அதைக் கொண்டுபோய் நடப்போகிறார்கள், வேலிக்கு மேலால் தூக்கிக் கொடுத்தாலே போதும். எனக்கு வயிறு எரிகிறது பிரதீபா, ஒளிக்கவில்லை.

றொகானின் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நீ எடுத்துக் கதை. இஞ்சி கிண்டி எடுக்கும் வரைக்கும் வெள்ளிக்கிழமைப் பகலை மட்டும் எங்களுக்கு விடச் சொல்லிக் கேள். எனக்கு மறுத்தவர், காணி கொடுத்தவள் கேட்டால் ஒருவேளை யோசிப்பார். நான் சொல்லித்தான் கேட்டாய் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். இனிமேல் எந்தக் கடதாசியில் கையெழுத்து வைப்பதென்றாலும் முழுக்க வாசித்துவிட்டு வை. சின்னவனுக்குக் குளிருக்குக் காதை மூடிவிடு, அவனோடு தமிழில் கதையுங்கள்.

இதோடு கடிதத்தை ஒட்டுவோம் என்றுதான் இருந்தேன். பையை வாங்க வந்த தனுஷா வாய் தவறிச் சொல்லிவிட்டாள், நீ அங்கே விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பிக் கந்தோர்கள் துப்புரவாக்கப் போகிறாயாம், இரண்டு வருசமாகவாம். எங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாயாம். நீ வெள்ளண எழும்பக்கூடாது என்றுதானே பிள்ளை நான் அந்த உறுதியை அப்படி எழுதுவித்தேன்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்பதாம் திகதியை மறந்துவிடாதே.

கோபத்தோடும் அன்போடும்,
உன் அம்மா
பொ. குணலட்சுமி