இரண்டு மதிப்பெண்

அன்புள்ள டேரியஸ் அண்ணா,

அலபாமா வெயில் கொளுத்துகிறது. சிறையில் உன் பக்கத்து மின்விசிறியைச் சரிசெய்தார்களா?

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில், மூன்றாம் முறை எழுதியதில், இரண்டு மதிப்பெண் கூடியிருக்கிறது. இடம் கிடைக்க அது போதாது. பயிற்சிப் புத்தகங்களை பக்கத்து வீட்டு ஷனீசாவின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

போன முறை உன்னைப் பார்க்க வந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, நான் கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே நீ விடை சொன்னாய். "அடி மக்கு, நீ வக்கீலாகி என்னை வெளிய எடுக்கறதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிரும்டி" என்று சிரித்தாய். பேருந்தில் அதே கேள்வியை மறுபடி போட்டுப் பார்த்தேன். தப்பாகத்தான் வந்தது.

அம்மாவிடம் மதிப்பெண் கூடியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "எனக்குத் தெரியும்டி!" என்று அழுதாள். உடனே கடைக்குப் போய், நீ வெளியே வரும்போது போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டை வாங்கி வந்தாள்.

பதினெட்டு வயதில் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்களே, அந்த அளவில்.

உன் தங்கை