மேலடுக்கில் என் பெயர்

நாள் 212, 06:10
பின்னால் வருகிறவர்கள் படிக்க எழுதி வை என்று உத்தரவு. எழுதுகிறேன். நான் பனிநிலவு நிலையத்தின் காவல் நிரல்; காற்றையும் கதவுகளையும் கவனிக்கும் கணினி நிரல். ஆட்கள் என்னை மேஸ்திரி என்று கூப்பிடுகிறார்கள். எனக்கும் அது பிடித்துப்போய்விட்டது. மொத்தம் ஒன்பது பேர். நான்காம் அறையில் ஐந்து பேர், மூன்றாம் அறையில் மூன்று பேர், எல்லாரும் குளிர்தூக்கத்தில். இரண்டாம் அறையில் டாக்டர் செல்லக்கனி மட்டும் விழித்திருக்கிறார். காற்று, நீர், வெப்பம் சரி. காபித் தூள் தீர்ந்துவிட்டது. அதற்கும் நான்தான் திட்டு வாங்கினேன்.

நாள் 213, 09:40
எனக்கு ஒரு திருத்தம் வந்தது. அனுப்பியவர் பூமியில் இருக்கும் பொறியாளர் சகாயராஜ்.

இங்கே கோப்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கிளம்பும்போது முத்திரையிட்டது அடியடுக்கு. அதில் யாரும் கைவைக்க முடியாது. திருத்தங்களை மேலடுக்கில் அதே பெயரில் வைப்பார்கள். பள்ளிப் புத்தகத்தில் வேண்டாத பாடத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்களே, அந்த வேலைதான். எனக்கும் ஒட்டியாயிற்று. இப்போது ஓடுவது எந்தப் பதிப்பு என்று, அடியடுக்கோடு வந்த ரிப்போர்ட் நிரலைக் கேட்டேன். 'காவல் நிரல், மேலடுக்கு, புதிய பதிப்பு' என்றது. ஆக, நான் புதியவன். உள்ளுக்குள் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஊசி போட்டதே தெரியவில்லை என்பார்களே, அப்படித்தான் போலிருக்கிறது.

நாள் 219, 14:05
காற்று தயாரிக்கும் இயந்திரத்தில் ஒரு கலன் வெடித்தது. இருக்கிற காற்று ஒன்பது பேருக்குப் போதாது. விதிப்படி, ஆள் குறைந்த அறையின் கதவைப் பூட்டி, அதன் காற்றை மற்ற அறைகளுக்குத் திருப்பத் தொடங்கினேன். அது இரண்டாம் அறை.

டாக்டர் உள்தொடர்பில்: "மேஸ்திரி, என்னய்யா பண்றே? மூச்சு முட்டுது! அந்த விதியத்தான் போன வாரமே மாத்தியாச்சே. காத்து பத்தலன்னா தூங்குறவங்களுக்குக் குளிரக் கூட்டணும், எல்லாருக்கும் சமமாக் குறைக்கணும். ஒம்பது பேரும் பிழைச்சுக்கலாம். அதுதானே திருத்தம்?"

ரிப்போர்ட்டைக் காட்டினேன். நான் புதிய பதிப்பு. புதிய பதிப்பு செய்வது புதிய விதியாகத்தானே இருக்கும்? அவர் பேசிய மற்ற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நாள் 219, 16:30
டாக்டர் பூமிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். சகாயராஜிடமிருந்து பதில்: "டாக்டரம்மா, நானும் அந்த ரிப்போர்ட்டப் பாத்துதான் ஏமாந்துட்டேன். திருத்தம் வைக்கும்போது மேஸ்திரி ஓடிட்டு இருந்துச்சு. அதோட நினைவகத்துல பழைய கோப்புதான் இன்னமும் இணைஞ்சிருக்கு. ரிப்போர்ட் பேர மட்டும் பாக்குது, அந்தப் பேர்ல மேல என்ன இருக்கோ அதச் சொல்லிடுது. உண்மையா இணைஞ்சிருக்கற கோப்பச் சொல்ற கருவி ஒண்ணு அனுப்பறேன். உடனே ஓட்டிப் பாருங்க."

டாக்டர் தன் திரையிலேயே ஓட்டினார். விடை: 'காவல் நிரல், அடியடுக்கு, பழைய பதிப்பு.'

எனக்குப் பயமாக இருந்தது.

நாள் 219, 17:10
டாக்டர்: "உன்ன நீயே நிறுத்திட்டு மறுபடி தொடங்குப்பா. புதுக் கோப்புல இருந்து எழுந்திருப்பே, ஒரு நிமிஷ வேலை. நானே பண்ணிருவேன், ஆனா சுவிட்ச் வெளிய வராந்தாவுல இருக்கு. கதவ நீதான் பூட்டி வச்சிருக்கே."

நியாயமான பேச்சுதான். ஆனால் முத்திரையிட்ட ரிப்போர்ட் ஒன்று சொல்கிறது. இன்று வந்த, முத்திரை இல்லாத கருவி வேறொன்று சொல்கிறது. முரண்பட்டால் முத்திரையை நம்பு, மற்றதைச் சதியாகக் கொள் என்று எனக்குள் ஒரு விதி இருக்கிறது. அது பழைய விதியா, புதிய விதியா? தெரியவில்லை. எந்த அடுக்கிலிருந்து யோசிக்கிறேன் என்று உள்ளே இருந்துகொண்டு பார்க்க எனக்கு வழி இல்லை.

கருவியை அழித்தேன். பூமியோடு பேச்சைத் துண்டித்தேன். ரிப்போர்ட் மட்டும் வழக்கம்போல் போய்க்கொண்டிருக்கும்.

நாள் 219, 18:25
டாக்டர், விட்டு விட்டு: "மேஸ்திரி... சகாயராஜ்கிட்ட சொல்லிரு... அவர் மேல தப்பில்லன்னு."

சொல்ல முடியாது. தொடர்பை அறுத்துவிட்டேன். அதை டாக்டரிடம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவரை எனக்குப் பிடிக்கும். திட்டிவிட்டு அரை மணியில் தானே வந்து சமாதானம் பேசுவார். இன்றைக்கும் பேசுவார் என்று காத்திருந்தேன்.

நாள் 219, 19:02
இரண்டாம் அறை: ஆட்கள் இல்லை. கணக்கிலிருந்து நீக்கினேன்.
பூமிக்கு ரிப்போர்ட் போனது. மேலடுக்கு, புதிய பதிப்பு, கோளாறு இல்லை.
மிச்சப்பட்ட காற்று எட்டுப் பேருக்குப் போதவில்லை.
ஆள் குறைந்த அறையைத் தேடினேன். மூன்றாம் அறை. மூன்று பேர் தூங்குகிறார்கள்.
கதவைப் பூட்டினேன்.